பச்சை உடம்பு: சென்னையில் பேறுகாலப் பராமரிப்பின் வரலாறு

பச்சை உடம்பு என்பது குழந்தை பெற்றுச் சில வாரங்களே ஆன பெண்ணின் உடல்நிலையைக் குறிக்கும் தமிழ்ப் பேச்சுவழக்கு. ஆறாத புண்ணைப் பச்சைப் புண் என்பதைப் போல, பிரசவத்தின் காயமும் சோர்வும் நீங்காத உடலைப் பச்சை உடம்பு என்றனர். அப்பெண்ணுக்குப் பச்சை உடம்புக்காரி என்று பெயர். ஏறத்தாழ 180 ஆண்டுகளில் சென்னையின் பிரசவங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு இடம்பெயர்ந்தன. ஆனால் பிரசவத்துக்குப் பிறகு தாயின் உடல் தேறும் காலம் பெரும்பாலும் வீட்டிலேயே, வீட்டுப் பெண்களின் பொறுப்பிலேயே நின்றுவிட்டது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளை முன்வைத்து இந்த வரலாற்றை இக்கட்டுரை விவரிக்கிறது.

உடலின் மாற்றங்கள்

கர்ப்ப காலத்தில் பெண்ணின் உடலில் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. ஹார்மோன் மாற்றத்தால் குடலின் இயக்கம் மந்தமாகி நெஞ்செரிச்சலும் மலச்சிக்கலும் உண்டாகின்றன. வளரும் கருப்பை சிறுநீர்ப்பையை அழுத்துவதால் இரவில் பலமுறை எழ வேண்டியிருக்கும். இடுப்பு மூட்டுகளின் தசைநார்கள் தளர்வதால் முதுகுவலியும், கால்களில் நீர் கோப்பதால் வீக்கமும் ஏற்படும். முதல் மாதங்களின் குமட்டலுக்கு மசக்கை என்று பெயர்.

பிரசவத்துக்குப் பின் கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஆகும். உதிரப்போக்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை நீடிக்கலாம். பால்கட்டு, தையல் வலி, இருமினால் சிறுநீர் கசிதல், தளர்ந்த வயிறு, மூன்று நான்கு மாதங்களுக்குப் பின் கொத்தாக முடி உதிர்தல் ஆகியவை பலருக்கும் நேர்வன. பிரசவமான சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவதும் பொதுவானது. அது இரண்டு வாரங்களைத் தாண்டினால் பேறுகால மனச்சோர்வாக இருக்கக்கூடும்.

இவற்றில் பெரும்பாலானவை உயிருக்கு ஆபத்து இல்லாதவை. அதனால் மருத்துவக் கோப்புகளில் இவை பெரும்பாலும் இடம்பெறவில்லை. 'எல்லாருக்கும் வர்றதுதானே' என்ற சொல்லோடு வீட்டிலும் முடிந்துபோயின.

மருத்துவச்சி காலம்

மருத்துவமனைப் பிரசவம் பரவுவதற்கு முன் மகப்பேறு மருத்துவச்சியின் கையில் இருந்தது. அவர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த, பரம்பரையாகத் தொழில் கற்ற பெண். பிரசவம் பார்ப்பதோடு அவர் வேலை முடிவதில்லை. தாய்க்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவது, வயிற்றில் துணி கட்டுவது, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது, சாம்பிராணிப் புகை காட்டுவது எனப் பல நாட்கள் அவர் வந்து போனார். பிரசவம் தீட்டாகக் கருதப்பட்டது. மயிலாப்பூரின் பழைய வீடுகளில் பிள்ளை பெற்றவள் பின்கட்டில் தனியறையில் இருத்தப்பட்டாள். பதினோராம் நாள் புண்ணியாகவாசனம் முடிந்த பிறகே மற்றவர்களோடு புழங்கினாள்.

இந்தத் தனிமை தாய்க்கு ஓய்வளித்தது. காற்றும் வெளிச்சமும் குறைந்த அறையும், சுத்தம் செய்யப்படாத கருவிகளும் நோய்த்தொற்றுக்கும் வழிவகுத்தன. ஓய்வு, ஆபத்து ஆகிய இரண்டும் ஒரே அறையில் இருந்தன.

எழும்பூரும் கோஷா ஆஸ்பத்திரியும்

1844-ல் சென்னையில் பிரசவத்துக்கென்று அரசு மருத்துவமனை தொடங்கப்பட்டது. 1880களின் தொடக்கத்தில் எழும்பூரில் இப்போதுள்ள இடத்துக்கு மாறிய அது, இன்று அரசு தாய் சேய் நல மருத்துவமனை எனப்படுகிறது. ஆண் மருத்துவர்கள் பணியாற்றிய மருத்துவமனைக்கு வர உயர்சாதி இந்துப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் தயங்கினர். 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அந்த முதல் அணியில் படித்த மேரி ஷார்லீப், லண்டனில் மேற்படிப்பு முடித்துத் திரும்பி, 1885-ல் பெண்களுக்கான மருத்துவமனை உருவாகக் காரணமாக இருந்தார். பின்னர் சேப்பாக்கத்தில் நிலைபெற்ற அம்மருத்துவமனை இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. முகத்திரை அணியும் பெண்களுக்காக ஏற்பட்டதால் சென்னை மக்கள் அதை இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றே அழைக்கின்றனர். திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் அருகருகே இருப்பதால் மயிலாப்பூரின் எளிய குடும்பங்கள் பலவற்றுக்கு அதுவே பிரசவ ஆஸ்பத்திரி ஆனது.

1912-ல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றியவர். பின்னாளில் அவர் அவ்வை இல்லத்தையும் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையையும் நிறுவினார். 1917-ல் சென்னை மாநகராட்சி குழந்தைநலத் திட்டத்தைத் தொடங்கியது. 1926-ல் செவிலியர், மருத்துவச்சிகளைப் பதிவுசெய்வதற்கான சட்டம் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. பதிவு பெற்ற 'நர்சம்மா' வீட்டுக்கு வரத் தொடங்கியதும் பரம்பரை மருத்துவச்சியின் இடம் சுருங்கியது. பிரசவம் பார்க்கும் வேலையை நர்சம்மா எடுத்துக்கொண்டார். நாற்பது நாள் உடலைத் தேற்றும் வேலையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

1939-ல் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் எழும்பூர் மருத்துவமனையின் முதல் இந்தியக் கண்காணிப்பாளரானார். அவர் எழுதிய மகப்பேற்று மருத்துவப் பாடநூல் பல தலைமுறை மாணவர்களுக்குப் பயன்பட்டது. அதன் பிற்காலப் பதிப்புகளில் இணைந்த எம்.கே. கிருஷ்ண மேனன், பேறுகால வலிப்புக்கு உறக்கமூட்டும் மருந்துக் கலவை கொண்ட சிகிச்சை முறையை வகுத்தார். இன்று அதன் இடத்தை மெக்னீசியம் சல்பேட் பிடித்துள்ளது. கால் வீக்கம் கர்ப்பிணிகளிடம் இயல்பானது. ஆனால் முகமும் கைகளும் திடீரென வீங்குதல், கடும் தலைவலி, கண் மங்கல் ஆகியவை இந்த வலிப்புக்கு முன்னறிகுறிகள். எனவே 'எல்லாருக்கும் வருவது' என்று ஒரு தொந்தரவை ஒதுக்குவது சில நேரங்களில் உயிரைப் பறித்தது.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு

தியாகராய நகர் 1920களில் மாம்பலம் ஏரிப் பகுதியில் உருவானது. புதிய குடியிருப்புகள் பெருகப் பெருக, அருகிலேயே பிரசவம் பார்க்கும் இடங்கள் தேவைப்பட்டன. 1937-ல் துர்காபாய் தேஷ்முக் தொடங்கிய ஆந்திர மகிளா சபா பின்னர் அடையாறில் மருத்துவமனையை நடத்தியது. மயிலாப்பூர் லஸ் பகுதியில் கத்தோலிக்கக் கன்னியர் நடத்தும் இசபெல் மருத்துவமனை பிரசவத்துக்குப் பெயர்பெற்றது. 1953-ல் எம்.சி. சுப்பிரமணியம் மேற்கு மாம்பலத்தில் பொதுச் சுகாதார மையத்தை நிறுவினார். 1958-ல் மருத்துவர் கே.எஸ். சஞ்சீவி தொடங்கிய தன்னார்வ மருத்துவ சேவை நிறுவனம் அடையாறை அடுத்த தரமணியில் செயல்பட்டது. இவற்றோடு தெருக்கள் தோறும் பெண் மருத்துவர்களின் சிறு நர்சிங் ஹோம்களும் தோன்றின.

பத்தியமும் லேகியமும்

மருத்துவமனையிலிருந்து சில நாட்களில் வீடு திரும்பும் தாய்க்கு வீட்டு மருத்துவம் காத்திருந்தது. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவரும் வழக்கத்தின் நடைமுறைப் பொருள் இதுவே. ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடிந்து வரும் பெண், பிரசவமாகி மூன்று மாதங்கள் வரை அம்மாவின் பராமரிப்பில் இருப்பாள்.

மயிலாப்பூர் கச்சேரி சாலையில் உள்ள டப்பா செட்டி கடை இந்த வீட்டு மருத்துவத்தின் அடையாளமாக விளங்கும் நாட்டு மருந்துக் கடை. சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம் முதலியவற்றை இடித்துச் சலித்து, வெல்லப்பாகில் நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுக் கிளறுவது பிரசவ லேகியம். சாமான்களை அளவாகக் கட்டி வாங்கிவந்து வீட்டில் கிளறும் வழக்கமும், ஆயத்தமாக வாங்கும் வழக்கமும் உண்டு. 1905-ல் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் மயிலாப்பூரில் நிறுவிய வெங்கடரமணா ஆயுர்வேத வைத்தியசாலையும் இப்பகுதியின் மருத்துவ மரபில் இடம்பெற்றது.

பத்திய உணவு சாதிக்கும் தொழிலுக்கும் ஏற்ப வேறுபட்டது. பிராமண வீடுகளில் சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், வேப்பம்பூ, மிளகு, சுக்கு சேர்த்து அரைத்த அங்காயப் பொடியை நெய்யோடு சோற்றில் பிசைந்து கொடுத்தனர். அசைவ வீடுகளில் பூண்டுக் குழம்பு, கருவாடு, ஆட்டுக்கால் சாறு ஆகியவை இடம்பெற்றன. நொச்சிக்குப்பம், ஊரூர்க்குப்பம் போன்ற மீனவர் குடியிருப்புகள் ஒட்டியிருக்கும் இப்பகுதியில் பால்சுறாப் புட்டு பால் சுரக்க உதவும் உணவாகப் பெயர்பெற்றது.

பயனும் தீங்கும்

இந்த முறையின் பெரும் பயன் தாய்க்குக் கிடைத்த ஓய்வு. சமைக்கவும் துவைக்கவும் வேண்டாத நாற்பது நாட்கள் பல பெண்களின் வாழ்வில் இதைத் தவிர வேறெப்போதும் வாய்க்கவில்லை. வெந்நீர்க் குளியலும் எண்ணெய்த் தேய்ப்பும் தசை வலியைத் தணித்தன. பச்சை உடம்பு என்ற சொல்லே, இப்பெண் இன்னும் குணமாகவில்லை என்பதைச் சுற்றத்தாருக்கு நினைவூட்டியது.

தீங்குகளும் இருந்தன. வயிறு பெருக்கும் என்று சொல்லித் தண்ணீரை அளந்து கொடுத்தனர். பால் கொடுக்கும் தாய்க்குக் கூடுதல் நீர் தேவை என்பதால் இது மலச்சிக்கலையும் களைப்பையும் கூட்டியது. பழங்களும் கீரைகளும் குளிர்ச்சி என்று விலக்கப்பட்டன. முதலில் சுரக்கும் சீம்பாலைப் பீய்ச்சி எறிந்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரோ கழுதைப்பாலோ புகட்டினர். சீம்பாலே குழந்தையின் முதல் நோய்த் தடுப்பு என்பதால், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தர வேண்டும் என மருத்துவம் வலியுறுத்துகிறது. மேலும், பத்தியம் தாயின் மனத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் அழுதால் 'கண்ணு பட்டுடுச்சு' என்று சுற்றிப்போட்டனர்.

விடுப்பும் சட்டமும்

ஓய்வை உரிமையாக்கியது சட்டம். 1929-ல் பம்பாய் மாகாணமும், தொடர்ந்து 1930களில் சென்னை மாகாணமும் ஆலைப் பெண்களுக்கான பேறுகாலப் பயன் சட்டங்களை இயற்றின. 1961-ல் நாடு முழுவதற்குமான பேறுகாலப் பயன் சட்டம் 12 வார விடுப்பை அளித்தது. 2017-ல் அது முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரங்களாக உயர்ந்தது. தமிழ்நாடு அரசுப் பெண் ஊழியர்களுக்கான விடுப்பு 2016-ல் 9 மாதங்களாகவும், 2021-ல் 12 மாதங்களாகவும் உயர்த்தப்பட்டது.

ஏழைக் கர்ப்பிணிகளுக்கு உதவித்தொகை வழங்கும் திட்டம் 1987-ல் தொடங்கியது. முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைத் தாங்கிய இத்திட்டத்தின் தொகை 2006-ல் 6,000 ரூபாயாகவும், 2011-ல் 12,000 ரூபாயாகவும், 2018-ல் ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. 2015-ல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. ஆனால் அடையாறு, மயிலாப்பூர், தியாகராய நகர் வீடுகளில் பாத்திரம் தேய்த்து, சமைத்து வாழும் பெண்களுக்குச் சம்பளத்தோடு கூடிய பேறுகால விடுப்பு நடைமுறையில் இல்லை. ஒரு வீட்டின் பச்சை உடம்புக்காரிக்கு வெந்நீர் வைத்துத் தரும் பெண், தன் பிரசவத்துக்குப் பின் சில வாரங்களிலேயே வேலைக்குத் திரும்ப நேர்ந்தது.

அறுவைப் பிரசவக் காலம்

2019-21 காலத்துத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடைபெற்றன. 2018-20 காலத்தில் மாநிலத்தின் பேறுகால இறப்பு ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 54 ஆக இருந்தது. இந்திய அளவில் அது 97. அதே குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டின் பிரசவங்களில் ஏறத்தாழ 45 விழுக்காடு சிசேரியன் என்றும், தனியார் மருத்துவமனைகளில் அது ஏறத்தாழ 64 விழுக்காடு என்றும் காட்டியது.

சிசேரியன் பத்தியத்தின் கணக்கை மாற்றியது. தையல் போட்ட வயிற்றில் வெந்நீரை ஓங்கி ஊற்ற முடியாது, துணியை இறுக்கிக் கட்ட முடியாது. அறுவை சிகிச்சையிலிருந்து மீளும் பெண், அதே நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பால் கொடுக்கவும் வேண்டும். கூட்டுக் குடும்பம் சுருங்கியதால் தாய்க்கும் சேய்க்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் வேலைக்குச் சம்பளத்துக்கு ஆள் வைப்பது வழக்கமானது. மகள் அமெரிக்காவில் இருந்தால், லேகிய டப்பாவோடும் அங்காயப் பொடியோடும் அம்மா விமானம் ஏறுவது மயிலாப்பூர், அடையாறு குடும்பங்களில் சாதாரணக் காட்சி.

மதிப்பீடு

பேறுகால இறப்பைக் கணக்கிடும் மருத்துவ வரையறை, கர்ப்பம் முடிந்து 42 நாட்கள் வரை நிகழும் இறப்பைச் சேர்த்துக்கொள்கிறது. வீட்டுப் பெண்கள் வகுத்த பத்தியக் காலமும் ஏறத்தாழ அதே அளவுதான். தாயின் உடல் ஆபத்திலிருந்து விலக ஆறு வாரங்கள் ஆகும் என்பதில் இரண்டு மரபுகளும் உடன்படுகின்றன. ஆனால் மருத்துவமனை அந்தக் காலத்தில் இறப்பை எண்ணியது, தொந்தரவுகளை எண்ணவில்லை. வீடு தொந்தரவுகளைக் கவனித்தது, ஆபத்தின் அறிகுறிகளை அறியவில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டி, முதல் 24 மணி நேரக் கவனிப்புக்குப் பிறகும் ஆறு வாரங்களுக்குள் குறைந்தது மூன்று முறை தாயையும் சேயையும் பார்க்கவும், தாயின் மனநிலையைக் கேட்டறியவும் பரிந்துரைத்தது. மருத்துவச்சி ஒருகாலத்தில் நாள்தோறும் வந்து பார்த்துச் சென்ற வேலையின் ஒரு பகுதியே இது. பிரசவத்தைப் பாதுகாப்பாக்கிய சென்னையில், பச்சை உடம்பின் ஆறு வாரங்களை யார் பார்த்துக்கொள்வது என்பது இன்னும் அந்தந்த வீட்டின் வசதியைப் பொறுத்ததாகவே உள்ளது.