கணக்கில் வராத சங்கங்கள்

அமெரிக்காவில் ஆர்னோவா என்று ஓர் ஆய்வாளர் சங்கம் இருக்கிறது. லாப நோக்கற்ற அமைப்புகளையும் தன்னார்வச் செயல்பாட்டையும் ஆராய்கிறவர்களின் சங்கம் என்பதுதான் அதன் நீளமான பெயருக்கு அர்த்தம். சமூகவியல், பொருளியல், சட்டம், பொது நிர்வாகம், வரலாறு என்று பல துறைக்காரர்கள் அதில் உறுப்பினர்கள். வருடம் ஒருமுறை மாநாடு கூடும். ஆய்விதழ் ஒன்றும் வருகிறது.

இந்தச் சங்கத்துக்குள்ளேயே 'செக்‌ஷன்' என்ற பெயரில் சின்னச் சின்ன ஆர்வக் குழுக்கள் உண்டு. கோட்பாடுகளையும் இந்தத் துறையின் எல்லைகளையும் பற்றிப் பேச ஒன்று. பாடம் நடத்துவது பற்றி ஒன்று. களத்தில் ஒரு காலும் கல்லூரியில் ஒரு காலுமாக இருப்பவர்களுக்கு ஒன்று. அவர்களுக்கு 'பிராகடெமிக்ஸ்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். சமூக, அடித்தட்டுச் சங்கங்களை ஆராய்கிறவர்களுக்கும் தனியாக ஒன்று.

சங்கங்களை ஆராய ஒரு சங்கம், அதற்குள் இன்னும் சில சங்கங்கள். கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கடைசிக் குழுவைக் கொஞ்சம் கவனியுங்கள். சம்பளமில்லாமல், பதிவில்லாமல், பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடி நடத்துகிற சங்கங்கள்தான் 1971-ல் இந்த அமைப்பைத் தொடங்கியவர்களின் முக்கியமான அக்கறைகளில் ஒன்று. பிறகு அதே அக்கறைக்கு ஒரு தனிக்குழு தேவைப்பட்டிருக்கிறது. வீட்டுக்காரர் எப்படி அதே வீட்டில் ஓர் அறைக்காரர் ஆனார்? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

1971-ல் இதற்கு வேறு பெயர். தன்னார்வச் செயல்பாட்டு ஆய்வாளர்கள் சங்கம், சுருக்கமாக ஆவாஸ். தொடங்கியவர் பாஸ்டன் கல்லூரியின் சமூகவியலாளர் டேவிட் ஹார்ட்டன் ஸ்மித். மறு வருடமே, 1972-ல், ஓர் ஆய்விதழும் தொடங்கிவிட்டது. அதன் பெயரிலும் 'தன்னார்வச் செயல்பாடு'தான். காலத்தையும் யோசித்துப் பாருங்கள். குடியுரிமைப் போராட்டம், வியட்நாம் போர் எதிர்ப்பு, பெண்கள் இயக்கம் எல்லாம் அப்போதுதான் நாட்டை உலுக்கியிருந்தன. கட்டாயத்துக்காகவோ கூலிக்காகவோ இல்லாமல் மனிதர்கள் ஏன் ஒன்று கூடுகிறார்கள், கூடி என்ன செய்கிறார்கள் என்பது அன்று உயிருள்ள கேள்வி. அவர்கள் விரித்த வலையும் பெரியது. மருத்துவமனையில் உதவப் போகிறவர், தெருச் சங்கத்தின் செயலாளர், ஊர்வலத்தில் கொடி பிடிக்கிறவர் எல்லோரும் அதற்குள் அடக்கம். கவனம் மனிதர்கள் செய்கிற செயலின் மேல் இருந்தது. அந்தச் செயலுக்கு ஓர் அலுவலகமும் பெயர்ப்பலகையும் இருக்கிறதா என்பது இரண்டாம்பட்சம்.

இதே காலத்தில் வேறொரு பக்கம் பணத்தைப் பற்றிய விசாரணை நடந்துகொண்டிருந்தது. டெக்சாஸ் காங்கிரஸ் உறுப்பினர் ரைட் பேட்மன் 1960-களின் தொடக்கத்திலிருந்தே பெரிய அறக்கட்டளைகளைக் குடைந்துகொண்டிருந்தார். பணக்காரர்கள் வரியிலிருந்து தப்பிக்க இவை வழியாகிவிட்டன என்பது அவர் வாதம். 1969-ல் வந்த வரிச் சீர்திருத்தச் சட்டம் அறக்கட்டளைகளின் முதலீட்டு வருமானத்துக்கு 4 சதவீத வரி போட்டது. இன்னும் பல கட்டுப்பாடுகளும் வந்தன. அறக்கட்டளை உலகம் ஆடிப்போயிற்று. 'நாங்கள் நாட்டுக்கு என்ன செய்கிறோம் என்று எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும், புள்ளிவிவரம் வேண்டும்' என்ற அவசரம் வந்துவிட்டது.

அந்த அவசரத்தில் பிறந்ததுதான் 1973-ல் மூன்றாம் ஜான் டி. ராக்ஃபெல்லரின் முன்முயற்சியில் அமைந்த ஃபைலர் கமிஷன். 1975-ல் அறிக்கை வந்தது. அதற்காக நடந்த ஆய்வுகள் ஏராளம். மருத்துவமனை, பல்கலைக்கழகம், அருங்காட்சியகம், தொண்டு நிறுவனம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே 'துறை'யாகப் பார்க்கலாம் என்ற எண்ணத்தைப் பரப்பியதில் இந்தக் கமிஷனுக்குப் பெரிய பங்கு உண்டு.

அங்கேயும் ஒரு உள்குழு முளைத்தது. 'கொடுக்கிறவர்கள் எல்லாம் உட்கார்ந்து பேசுகிறீர்கள், வாங்குகிறவர்கள் எங்கே?' என்று சிறுபான்மையினர் அமைப்புகளும் அடித்தட்டு அமைப்புகளும் கேட்டன. பெறுவோர் குழு என்ற பெயரில் சேர்ந்து, கமிஷனையே விமர்சித்துத் தனி அறிக்கை எழுதினார்கள். அந்தக் குழுவின் தொடர்ச்சியாக 1976-ல் உருவான கண்காணிப்பு அமைப்பு இன்றும் இயங்குகிறது. பெரிய கமிஷன் அறிக்கை கொடுத்துவிட்டுக் கலைந்துபோனது. அதற்குள் முணுமுணுத்த குழு நிலைத்துவிட்டது.

1970-களின் இறுதியில் யேல் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர் ஜான் சைமன் தலைமையில் லாப நோக்கற்ற நிறுவனங்களுக்கென்றே ஓர் ஆய்வுத் திட்டம் வந்தது. 1980-ல் ஹென்றி ஹான்ஸ்மன் எழுதிய கட்டுரை இன்றும் பாடத்திட்டங்களில் இருக்கிறது. முதியோர் இல்லம், குழந்தைகள் காப்பகம் போன்ற இடங்களில் கிடைக்கிற சேவையின் தரத்தைப் பணம் கட்டுகிறவரால் சரிபார்க்க முடியாது. லாபத்தைப் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது என்ற தடை இருந்தால் கொஞ்சம் நம்பலாம், அதனால்தான் இப்படிப்பட்ட நிறுவனங்கள் இருக்கின்றன என்றார் அவர். அருமையான வாதம்தான். ஆனால் அதற்குள் இருப்பது விற்பவர், வாங்குபவர், ஒப்பந்தம். பத்துப் பேர் சேர்ந்து தங்களுக்காகவே நடத்துகிற சங்கத்துக்கு அதில் இடம் குறைவு.

1981-ல் ரீகன் ஆட்சிக்கு வந்ததும் சமூகத் திட்டங்களுக்கான செலவு வெட்டப்பட்டது. அரசு விலகினால் தொண்டு நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும் என்பது அன்றைய பேச்சு. 'நில்லுங்கள்' என்றார் லெஸ்டர் சாலமன். அவரும் சக ஆய்வாளர்களும் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது, சமூக சேவை அமைப்புகளில் பலவற்றுக்கு நன்கொடையைவிட அரசுப் பணமே பெரிய வருமானம் என்று தெரியவந்தது. அரசு வெட்டினால் இவர்களுக்கும்தான் அடி. இந்த ஆய்வு நடந்திருக்காவிட்டால் அந்தப் பேச்சுக்குப் பதில் இருந்திருக்காது. ஆகவே பெரிய நிறுவனங்களைப் பற்றிய ஆய்வுகள் வீண் என்று யாரும் சொல்ல முடியாது. வரிக் கணக்கு தாக்கல் செய்கிற அமைப்புகள் பற்றித்தான் தரவு இருந்தது, தரவு இருந்த இடத்துக்கு ஆய்வாளர்கள் போனார்கள். அவ்வளவுதான் நடந்தது.

1989-ல் ஆவாஸின் ஆய்விதழ் பெயர் மாறியது. 'தன்னார்வச் செயல்பாடு' போய், 'லாப நோக்கற்ற, தன்னார்வத் துறை' வந்தது. அதையொட்டிச் சங்கமும் ஆர்னோவா ஆனது. செயல்பாடு என்ற சொல் பெயரில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் முன்னால் வந்து உட்கார்ந்தது நிறுவனம்.

அதே 1989-ல், பெயர் மாறிய அதே இதழில், ரோஜர் லோமன் ஒரு கட்டுரை எழுதினார். லெட்யூஸ் கீரையும் விலங்கல்லாததுதான் என்பது அதன் தலைப்பு. கீரையை 'விலங்கல்லாதது' என்று வகைப்படுத்தினால் அதில் பிழை இல்லை. ஆனால் கீரையைப் பற்றி என்ன தெரிந்துகொண்டோம்? ஒன்றுமில்லை. 'லாப நோக்கற்றது' என்ற பெயரும் அந்த மாதிரிதான். தமிழிலும் நாம் 'அரசு சாரா', 'லாப நோக்கற்ற' என்று இரண்டு பக்கமும் இல்லை இல்லை என்றுதானே சொல்லிக்கொண்டிருக்கிறோம்! வரலாற்றாசிரியர் பீட்டர் டாப்கின் ஹால் 1992-ல் இன்னும் ஒரு படி மேலே போனார். அமெரிக்கா தொன்றுதொட்டுப் பெருமைப்படுகிற இந்த 'லாப நோக்கற்ற துறை' என்பது ஒரு கருத்தாகச் சமீபத்தில் கண்டுபிடிக்கப்பட்ட ஒன்று என்று எழுதினார். புத்தகத்தின் தலைப்பிலேயே கண்டுபிடிப்பு என்ற சொல் இருக்கிறது.

பிறகு 1997-ல் டேவிட் ஹார்ட்டன் ஸ்மித்தே அந்த இதழில் வந்து சண்டைக்கு நின்றார். நீங்கள் வரைகிற வரைபடங்கள் பூமி தட்டை என்று நம்பியவர்கள் வரைந்த வரைபடங்கள் என்றார். வானியலாளர்கள் சொல்கிற கரும்பொருள் மாதிரி, கண்ணுக்குத் தெரியாமல் ஆனால் எங்கும் நிறைந்து இருப்பவை அடித்தட்டுச் சங்கங்கள் என்றார். அவருடைய மதிப்பீட்டில் அமெரிக்காவில் அப்படிப்பட்டவை சுமார் 75 லட்சம். எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்டால், பதில் வரிச் சட்டத்தில் இருக்கிறது. அன்று ஆண்டு வரவு 25,000 டாலருக்குள் இருந்தால் வருடாந்தரப் படிவம் தேவையில்லை. 5,000 டாலருக்குள் இருக்கிற அறப்பணி அமைப்பு அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கவே வேண்டாம். படிவம் இல்லை என்றால் தரவு இல்லை, தரவு இல்லை என்றால் அட்டவணையில் வரிசை இல்லை.

சரி, சின்னச் சங்கம்தானே, விடுபட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று தோன்றலாம். ஓர் உதாரணம் சொல்கிறேன்.

1955 டிசம்பரில் அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள் பேருந்துப் புறக்கணிப்பைத் தொடங்கினார்கள். அது 381 நாள் நீடித்தது. அத்தனை நாளும் மக்களை வேலைக்குக் கூட்டிப்போக கார்கள் ஓடின. பெட்ரோலுக்கும் பழுதுபார்ப்புக்கும் பணம் வேண்டுமே? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரர் தன்னைப் போன்ற பெண்களைச் சேர்த்தார். சாண்ட்விச், கேக், பை எல்லாம் வீட்டில் செய்து விற்றார்கள். வசூலான பணத்தை வாராந்திரக் கூட்டத்தில் அவரே கொண்டுபோய்க் கொடுப்பார். அந்தக் குழுவின் பெயரை 'எங்கிருந்தோ வந்த கிளப்' என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலத்தில் நேர்ப்பொருள் 'எங்கிருந்தும் வராத'. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் 'எங்கிருந்தும் இல்லை' என்று கூசாமல் சொல்லலாம் இல்லையா! செய்தவர்களில் பலர் வெள்ளையர் வீடுகளில் வேலை பார்த்தவர்கள். வாங்கியவர்களில் வெள்ளையர்களும் உண்டு. பெயர் வெளியே வந்தால் வேலை போய்விடும். கில்மோருக்கே அது நடந்தது. 1956-ல் மார்ட்டின் லூதர் கிங் மீதான வழக்கில் சாட்சி சொன்ன பிறகு அவர் வேலை பறிபோனது.

அதே 1956-ல் அலபாமா அரசு கறுப்பின மக்களின் பெரிய தேசிய அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யிடம் உறுப்பினர் பட்டியலைக் கேட்டது. கொடுக்க மறுத்ததற்கு ஒரு லட்சம் டாலர் அபராதம். பட்டியலைத் தரத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்ல 1958 ஆயிற்று. பதிவும் பட்டியலும் உள்ள அமைப்பு மாநிலத்துக்குள் முடக்கப்பட்டிருந்தபோது, காகிதமே இல்லாத கிளப் பணம் திரட்டிக்கொண்டிருந்தது. எந்த அட்டவணையிலும் அந்தக் கிளப் இருக்காது. பின்னாளில் கில்மோரிடம் யாரோ உட்கார்ந்து பேட்டி எடுத்ததால்தான் நமக்கு இவ்வளவும் தெரிகிறது.

இந்த உதாரணம் ஸ்மித்தின் வாதத்துக்குப் பலம் சேர்க்கிறது, கூடவே ஒரு சிக்கலையும் கிளப்புகிறது. எண்ணப்படாமல் இருப்பதே சில சங்கங்களுக்குப் பாதுகாப்பு. அப்படியென்றால் எல்லாவற்றையும் எண்ணுவது நல்லதுதானா?

பிறகு அரசே எண்ண ஆரம்பித்தது. 2006-ல் வந்த ஒரு சட்டம், சின்ன அமைப்புகளும் வருடம் ஒருமுறை மின்னஞ்சலட்டை மாதிரி ஒரு குட்டிப் படிவத்தை நிரப்ப வேண்டும் என்றது. மூன்று வருடம் தொடர்ந்து நிரப்பாவிட்டால் வரிவிலக்கு தானாகப் போய்விடும். 2011 ஜூனில் வரித்துறை முதல் பட்டியலை வெளியிட்டது. சுமார் 2,75,000 அமைப்புகள் அங்கீகாரம் இழந்திருந்தன. அவற்றில் பல எப்போதோ கலைந்துபோனவை. மற்றவை? படிவம் ஒன்று இருக்கிறது என்றே தெரியாமல் வழக்கம்போலக் கூடிப் பேசிக்கொண்டிருந்தவையும் உண்டு. அட்டவணையை மட்டும் பார்க்கிற ஆய்வாளருக்கு அன்று ஒரே நாளில் லட்சக்கணக்கான சங்கங்கள் செத்துப்போன மாதிரி தெரிந்திருக்கும். உள்ளே போய்ப் பார்த்தவருக்குத்தான் எது சாவு, எது வெறும் படிவக் கோளாறு என்று பிரிக்க முடியும்.

ஆர்னோவாவின் உள்குழுக்களை நான் பொருட்படுத்துவது இதனால்தான். வெளியிலிருந்து பார்த்தால் அவை மாநாட்டில் ஓர் அமர்வு, ஒரு காலைக் கூட்டம், ஒரு மின்னஞ்சல் பட்டியல். ஆனால் தரவு கிடைக்காத கேள்வியோடு வருகிற இளம் ஆய்வாளருக்கு, 'இது ஆராயத் தக்கதுதான்' என்று சொல்ல நாலு பேர் வேண்டும். பெரிய தரவுத்தொகுப்பு உள்ள தலைப்புக்கு அந்த நாலு பேர் எங்கும் கிடைப்பார்கள். சமையலறையில் கூடிய பெண்களைப் பற்றி எழுத நினைப்பவருக்கு அவர்கள் தானாகக் கிடைப்பதில்லை. யாராவது வருடா வருடம் ஓர் அறையைக் கேட்டு வாங்கி, நாற்காலி போட்டு வைக்க வேண்டியிருக்கிறது.

அந்த வேலைக்கும் சம்பளம் கிடையாது. குழுவின் தலைவர், செயலாளர் எல்லோரும் தங்கள் சொந்த நேரத்தில் செய்கிறார்கள். ஸ்மித் 1971-ல் ஆராயக் கிளம்பினாரே, அதே தன்னார்வச் செயல்பாடுதான் இதுவும்.