தண்டவாளம் இழந்த மலாக்கா

1896இல் தான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். தோட்டங்கள் பெருகின, தமிழர் குடியேறினர். 1905இல் தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு இருப்புப்பாதை வந்தது. ஜப்பானியர் ஆட்சியில் அப்பாதை பெயர்க்கப்பட்டுச் சயாம்–பர்மா இரயில்பாதைக்குச் சென்றது. மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவரும் அவ்வேலைக்கே கொண்டுசெல்லப்பட்டனர், மீளாதார் பலர்.

பெயர்த்த பாதை மலாக்காவுக்குத் திரும்பவில்லை. சுமையைச் சாலை ஏற்றது, லாரித்தொழில் வளர்ந்தது. அதனை நெறிப்படுத்த 1987இல் தனி உரிமச் சட்டம் எழுந்தது. பின்னர் 2010ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்ற ‘ஏ’ உரிமம். தன் சரக்கை ஏற்றச் ‘சி’ உரிமம். வண்டியை ஆய்வுக்கு உட்படுத்துவதும், அளவுக்கு மிஞ்சிச் சுமை ஏற்றாதிருப்பதும் உரிமையாளர் கடன்.

மனிதரையே சரக்காக ஏற்றிச்சென்ற கொடுமையைக் கண்ட மண் இது. இங்கு உரிமம் என்பது வெறுந்தாளன்று, உயிர்க்காப்பு.