ஒரு ஸ்டேஷன், ஒரு சுவர், கொஞ்சம் நம்மாட்கள்

ஜங்ஷன் என்றால் நமக்கு என்ன? இந்த வண்டியில் இறங்கி அந்த வண்டியில் ஏறணும், அவ்ளோதான். ஆனா பெர்லினில் ஒரு ஸ்டேஷனில், ஒரு பிளாட்பாரத்திலிருந்து பக்கத்து பிளாட்பாரத்துக்குப் போக 28 வருஷத்துக்கும் மேலே பாஸ்போர்ட், விசா, துப்பாக்கி ஏந்திய காவல் எல்லாத்தையும் தாண்டணும். பேரு ஃப்ரீட்ரிஷ்ட்ராஸ.

1882-இல் திறந்தது. நகரின் குறுக்கே செங்கல் வளைவுகளின் மேலே கிழக்கு மேற்காக ஓடும் பாதை. 1923-இல் பூமிக்கடியில் வடக்கு தெற்காக யூ-பான் வந்தது. 1936-இல் இன்னொரு சுரங்கத்தில் எஸ்-பான் எனும் புறநகர் ரயில். இப்படி மேலேயும் கீழேயுமா ரயில்கள் சந்திக்கிற பெரிய சந்திப்பு ஆயிடுச்சு.

1961 ஆகஸ்ட் 13. சுவர் எழும்பியது. இங்கதான் மேட்டரே. ஸ்டேஷன் இருப்பது முழுக்க கிழக்கு பெர்லினுக்குள்ளே. ஆனா பூமிக்கடியில் ஓடும் இரண்டு பாதைகளும் மேற்கிலிருந்து கிளம்பி, கிழக்கின் அடியில் புகுந்து, மறுபடி மேற்குக்கே போறவை. வழியில் இருந்த மத்த கிழக்கு ஸ்டேஷன்களை மூடிட்டாங்க. ரயில் அங்கெல்லாம் நிக்காம மெதுவா ஊர்ந்து போகும், அரையிருட்டில் காவலர்கள் மட்டும் நிப்பாங்க. 'பேய் ஸ்டேஷன்கள்'னு பேரு. ஃப்ரீட்ரிஷ்ட்ராஸவில் மட்டும் வண்டி நிக்கும். மேற்கு பெர்லின்காரர் இறங்கி, கிழக்கின் சோதனைக்குப் போகாமலே மேல்தளத்து மேற்கு ரயிலுக்கு மாறிக்கலாம். நடுவில் மலிவு விலையில் சரக்கும் சிகரெட்டும் விக்கிற கிழக்கு அரசின் கடை வேற, மேற்கத்திய காசுக்கு மட்டும் :-)

மேல்தளத்தில் கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவே தடுப்புச் சுவர். அந்தப் பக்கம் கிழக்கு ரயில், இந்தப் பக்கம் மேற்கு ரயில். ஒண்ணையொண்ணு பார்க்கவே முடியாது. 1962-இல் மேற்குக்குத் திரும்பறவங்களுக்காக ஸ்டேஷனை ஒட்டி ஒரு கண்ணாடிக் கட்டடம் கட்டினாங்க. பார்க்க வந்த சொந்தக்காரங்களை அதன் வாசல் வரைக்கும்தான் வழியனுப்ப முடியும். அதனால் ஜனங்க அதுக்கு வச்ச பேரு 'கண்ணீர் மாளிகை'.

இந்தக் கதையில் நம்மாட்களும் இருக்காங்க. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஐரோப்பா வந்த ஈழத்தமிழர்களில் பலர் மாஸ்கோ வழியாக, கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினாங்க. டிரான்சிட் விசா கிடைக்கும். அங்கிருந்து ஃப்ரீட்ரிஷ்ட்ராஸ. கிழக்கின் சோதனையைத் தாண்டி மேற்கு ரயிலில் ஏறினால், அடுத்த சில நிமிஷத்தில் மேற்கு பெர்லின். இறங்கி அகதின்னு விண்ணப்பிக்கலாம்.

மேற்கில் ஏன் யாரும் பாஸ்போர்ட் கேக்கலை? அதுக்குக் காரணம் கருணை இல்லீங்க. பெர்லின் முழுசும் ஒரே நகரம், நான்கு வல்லரசுகளின் பொறுப்பில் இருக்கு, நடுவில் இருப்பது சர்வதேச எல்லையே இல்லை என்பது மேற்கின் கொள்கை. அங்கே குடியேற்றச் சோதனை வச்சா, சுவரை எல்லைன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். பொட்டி தட்டுற எங்க பாஷையில் சொன்னா, ரெண்டு சிஸ்டத்துக்கு நடுவில் யாரும் எழுதாம விட்ட ஒரு கண்டிஷன். அந்த இடுக்கு வழியா எத்தனையோ உசுரு தப்பிச்சது.

ரொம்ப நாள் விடலை. 1985-இல் மேற்கு ஜெர்மனியின் நெருக்குதலால், போய்ச்சேர வேண்டிய நாட்டின் விசா இல்லாத இலங்கையருக்கு டிரான்சிட் கிடையாதுன்னு கிழக்கு ஒத்துக்கிச்சு. 1986-இல் மத்த நாட்டு அகதிகளுக்கும் இதே கதி. யோசிச்சுப் பாருங்க. சுவர் விஷயத்தில் கடைசிவரை ஒத்துப்போகாத இரண்டு அரசுகள், அகதிகளைத் தடுக்கிற விஷயத்தில் மட்டும் ஒரு உடன்பாட்டுக்கு வந்துட்டாங்க.

1989 நவம்பர் 9-இல் சுவர் திறந்தது. 1990 ஜூலையில் சோதனைகள் முடிஞ்சு, ரயில்கள் மறுபடி நேரா ஓட ஆரம்பிச்சது. கண்ணீர் மாளிகை 2011 முதல் அருங்காட்சியகம். இன்னிக்கு அங்கே பிளாட்பாரம் மாற படி ஏறி இறங்கினா போதும்.

அந்த வாசலில் அழுதவர்களின் கதையை ஜெர்மன்காரங்க பத்திரமா வச்சிருக்காங்க. அதே ஸ்டேஷனில் கையில் ஒரு பையோட, பாஷை தெரியாம, எந்தப் படியில் இறங்கறதுன்னு தேடின நம்மாட்களின் கதையை நாமதான் எழுதி வைக்கணும். அந்த வழியா வந்தவங்க உங்க வீட்டில் இருந்தா, உக்கார்ந்து கேளுங்க. இப்பவே அறுபது எழுபது வயசு ஆகியிருக்கும்.