எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

போன ஞாயிற்றுக்கிழமை மயூர் விஹாரில் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். காபி வந்தது. பின்னாலேயே அவர் பெண் லேப்டாப்போடு வந்தாள். மெக்கானிக்கல் இரண்டாம் வருஷம். "அங்கிள், பைத்தான்ல 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி, இது 0.3 தானேன்னு கேட்டா இல்லைங்குது. 0.30000000000000004-னு காட்டுது. மெஷின் கெட்டுப்போச்சா?" என்றாள். கெடவில்லை, என் மெஷினும் அதைத்தான் சொல்லும் என்றேன். "அப்போ இதையெல்லாம் ஒழுங்கா கத்துக்க எந்தப் புத்தகம் வாங்கட்டும்?"

நாலு பேர் சொல்லிவிட்டு வந்தேன். மெட்ரோவில் திரும்பும்போது, சொன்னது போதாது என்று பட்டது. இந்தத் துறையில் நல்ல புத்தகம் எல்லாமே கணக்கில் அடி வாங்கியவர்கள் எழுதியது. அந்த அடி என்ன என்று தெரிந்தால்தான் எதை முதலில் படிப்பது, எதைப் பிறகு என்பது புரியும். நம் வீடுகளில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் நிறைய இருப்பதால் அந்தக் கதையை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் அடி கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே விழுந்தது. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர், வானிலையைச் சமன்பாடுகளால் கணித்துவிடலாம் என்று நம்பினார். முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே கையால் கணக்குப் போட்டார். 1910 மே 20-ம் தேதிக்கான ஆறு மணி நேர வானிலை. போட்டு முடிக்க ஆறு வாரம் ஆனது! காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று விடை வந்தது. அன்றைக்கு உண்மையில் அழுத்தம் அசையவே இல்லை என்று சொல்லலாம். சமன்பாடுகளில் பெரிய பிழை இல்லை. தொடக்கத்தில் கொடுத்த காற்று அளவுகளில் இருந்த சின்னப் பிசகுதான் பூதமாகிவிட்டது. ஆனாலும் மனிதர் மறைக்கவில்லை. 1922-ல் வந்த தன் புத்தகத்தில் அந்தத் தப்பான விடையை அப்படியே அச்சிட்டார். இந்தத் துறையின் முதல் பாடமே அந்த நேர்மைதான் என்பேன். சூத்திரமும் சரி, கூட்டல் கழித்தலும் சரி, விடை மட்டும் தப்பு என்பது நடக்கக்கூடிய விஷயம்.

அடுத்தது இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகம். 1946-ல் ஜேம்ஸ் வில்கின்சன் அங்கே ஆலன் டூரிங்கிடம் வேலைக்குச் சேர்ந்தார். கம்ப்யூட்டர் இன்னும் தயாராகவில்லை. 18 சமன்பாடுகள் கொண்ட ஒரு கணக்கு வந்தது. இவர்கள் மேசைக் கணக்கு மெஷினில் உட்கார்ந்து போட்டார்கள். ஒவ்வொரு படியிலும் கடைசி இலக்கத்தை வெட்டுகிறோமே, இந்தப் பிழையெல்லாம் சேர்ந்து விடையைக் கெடுத்துவிடும் என்பதுதான் அப்போது பெரியவர்கள் பலருடைய பயம். விடை வந்து சரிபார்த்தால் அபாரமாகப் பொருந்தியது.

ஏன் பொருந்தியது என்ற கேள்வியோடு வில்கின்சன் பல வருஷம் வாழ்ந்தார். 1963-ல் வந்த அவருடைய புத்தகம் அதற்கான பதில். சுருக்கமாகச் சொன்னால் இப்படி: நமக்குக் கிடைத்த விடை எவ்வளவு தப்பு என்று மட்டும் பார்க்காதே. அது வேறு எந்தக் கேள்விக்குச் சரியான விடை, அந்தக் கேள்வி நம் கேள்விக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார். பக்கத்தில் இருந்தால் முறையில் குற்றமில்லை. அதற்கு மேலும் விடை ஆடினால், கணக்கே ஆட்டம் காணும் கணக்கு என்று அர்த்தம். 1970-ல் அவருக்கு டூரிங் விருது கொடுத்தார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1963-ல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 வந்து இறங்கியது. அதே வருஷம் அங்கே ஆசிரியராகச் சேர்ந்தவர் வி. ராஜாராமன். 1933-ல் ஈரோட்டில் பிறந்தவர். ஆனால் பள்ளிப் படிப்பு டெல்லியில், மதராசி எஜுகேஷன் அசோசியேஷன் பள்ளியில். ஆமாம், இன்றைக்கு நம் பிள்ளைகள் போகும் டி.டி.இ.ஏ.வின் பழைய பெயர்தான் அது. பிறகு செயின்ட் ஸ்டீபன்ஸ், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், எம்.ஐ.டி., விஸ்கான்சின். ஊரை விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளைதான், நம் வீட்டுப் பிள்ளைகளைப் போல.

கான்பூரில் மெஷின் இருந்தது, மாணவர்கள் இருந்தார்கள். வெளிநாட்டுப் புத்தகம் வாங்கத்தான் கையில் காசு இல்லை. அவரே எழுத உட்கார்ந்தார். 1969-ல் நிரல் எழுதுவதற்கு ஒரு புத்தகம். 1971-ல் 'கம்ப்யூட்டர் ஓரியண்டட் நியூமரிக்கல் மெத்தட்ஸ்'. மலிவு விலையில், மாணவன் கைக்காசில் வாங்கும்படி. இந்தியா முழுக்கப் பல தலைமுறைகள் அதில்தான் படித்தன.

அந்தப் புத்தகத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். சமன்பாடு தீர்ப்பதற்கு முன்பே, மெஷின் ஒரு எண்ணை எப்படி வைத்துக்கொள்கிறது என்று ஆரம்பித்துவிடுவார். நாமே செய்து பார்க்கலாம். நாலு இலக்கம் மட்டுமே எழுத இடமுள்ள ஒரு கணக்கு நோட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1000-த்தோடு 0.4-ஐக் கூட்டினால் 1000.4. நாலு இலக்கத்தில் அது 1000. மறுபடி 0.4-ஐக் கூட்டினாலும் 1000-தான். அதையே மாற்றி, முதலில் இரண்டு 0.4-ஐயும் கூட்டினால் 0.8. அதை 1000-த்தோடு சேர்த்தால் 1000.8, அதாவது 1001. கூட்டும் வரிசையை மாற்றியதும் விடை மாறிவிட்டது! பள்ளிக்கூடத்தில் படித்த கூட்டல் விதி மெஷினுக்குள் செல்லாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போகிறவன் மணலில் வீடு கட்டுகிறான்.

இதற்குப் பிறகு நூலகங்களின் காலம். புத்தக நூலகம் இல்லை, நிரல் நூலகம். 1979-ல் லின்பேக், 1992-ல் லாபேக். இன்று பைத்தானில் ஒரே வரியில் சமன்பாடுகளைத் தீர்க்கும்போது உள்ளே ஓடுவது அந்த லாபேக் வழிவந்த நிரல்தான். நடுவில் 1986-ல் நாலு பேர் சேர்ந்து எழுதிய 'நியூமரிக்கல் ரெசிபீஸ்' வந்தது. முறையும் சொல்லும், நிரலும் கொடுக்கும், கிண்டலும் செய்யும். சுவையான புத்தகம். ஆனால் பலர் விளக்கத்தைத் தாண்டிக் குதித்து நிரலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அப்படி எடுத்துக்கொண்டால் என்ன, விடை வந்தால் போதாதா? அந்தப் பெண்ணின் அப்பா அதைத்தான் கேட்டார். 1991 பிப்ரவரி 25, சவூதியின் தஹ்ரான். பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பின் கடிகாரம் பத்தில் ஒரு நொடி கணக்கில் ஓடியது. 0.1 என்ற எண்ணை இரும எண்ணில் முழுதாக எழுதவே முடியாது. 24 இலக்கத்தோடு வெட்டினார்கள். ஒரு துடிப்புக்குச் சுமார் 0.000000095 நொடி பிழை. யார் கவலைப்படுவார்கள்? ஆனால் மெஷின் 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியிருந்தது. 36 லட்சம் துடிப்புகள். பெருக்கினால் 0.34 நொடி. அந்த நேரத்தில் வந்த ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். பேட்ரியாட் தப்பான இடத்தில் தேடியது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். திருத்திய மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது.

மெஷின் கெட்டுப்போச்சா என்று அந்தப் பெண் கேட்டதும் இதே 0.1-ஐப் பற்றித்தான். அதனால் கேள்வி சின்னது இல்லை.

அவளுக்கு நான் எழுதி அனுப்பிய வரிசை இது. முதலில் ராஜாராமன், பேனாவும் பேப்பருமாக. அடுத்து, டேவிட் கோல்ட்பர்க் 1991-ல் எழுதிய மிதவைப் புள்ளி எண்கணிதக் கட்டுரை. கடினம்தான், இரண்டு முறை படித்தால் பிடிபடும். மூன்றாவது, கிளீவ் மோலர் 2004-ல் வெளியிட்ட 'நியூமரிக்கல் கம்ப்யூட்டிங் வித் மேட்லேப்'. மாணவர்கள் ஃபோர்ட்ரான் எழுதாமலே லின்பேக்கைப் பயன்படுத்தட்டும் என்று மேட்லேபை முதலில் உருவாக்கியவரே அவர்தான். நான்காவது, டிரெஃபெதன், பாவ் இருவரும் 1997-ல் எழுதிய 'நியூமரிக்கல் லீனியர் ஆல்ஜிப்ரா'. வில்கின்சன் சொன்னதை நம்மைப் போன்றவர்களுக்கும் புரிய வைப்பது. 'நியூமரிக்கல் ரெசிபீஸ்' கடைசியில், படிப்பதற்கு மட்டும். நிரலுக்கு லாபேக் இருக்கிறது.

ஒவ்வொன்றையும் படிக்கும்போது ஒரு கணக்கையாவது கையால் போட்டு, மெஷின் விடையோடு ஒப்பிட்டுப் பார் என்றும் சேர்த்துச் சொன்னேன். "ஆறு வாரம் ஆகுமா அங்கிள்?" என்று பதில் வந்தது. ரிச்சர்ட்சன் கதையைப் படித்துவிட்டாள் போலிருக்கிறது :-)

கொசுறு: கான்பூருக்கு வந்த அந்த ஐ.பி.எம். 1620 பத்தடிமான மெஷின். கூட்டல் வாய்ப்பாட்டை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி பார்த்துப் பார்த்துக் கூட்டும். அதில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வரும். ஆனால் மூன்றில் ஒன்றை மூன்று முறை கூட்டச் சொன்னால் அதுவும் முழிக்கும். எந்த மெஷினாக இருந்தாலும் நோட்டில் இடம் கொஞ்சம்தான்.