பாப்பான் நகரத்துத் தாதி



மே 12, அனைத்துலகத் தாதியர் தினம். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள் அது. அந்நாளில் விளக்கேந்திய அம்மங்கையின் வரலாற்றை மாணவர்களுக்குக் கூறுகிறோம், கூறத்தான் வேண்டும். ஆயினும், நம் பேரா மாநிலத்திலேயே பணியாற்றிய ஒரு தாதியை அவர்கள் அறியாதிருத்தல் முறையன்று. அவர்தாம் சிபில் கார்த்திகேசு.

1899-இல் சுமத்திராவின் மேடான் நகரில் பிறந்த சிபில், யுரேசிய இனத்தவர்; தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றவர். 1919-இல் தமிழரான மருத்துவர் கார்த்திகேசுவை மணந்தார். 1926 முதல் இருவரும் ஈப்போ புருஸ்டர் சாலையில் கிளினிக் நடத்தினர். சிபில் கண்டோனிய மொழியைச் சரளமாகப் பேசுவார். நோயாளிக்குத் தம் துன்பத்தைத் தம் மொழியிலேயே சொல்ல முடிந்தால், பாதி அச்சம் அப்பொழுதே நீங்கிவிடும் அன்றோ?

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை ஈப்போவை நெருங்கியபோது, குடும்பம் அருகிலுள்ள பாப்பான் எனும் சிற்றூருக்கு இடம்பெயர்ந்தது. பகலில் ஊர் மக்களுக்கும், இரவில் காடுகளிலிருந்து வந்த எதிர்ப்புப் படையினருக்கும் அங்கே சிகிச்சை நடந்தது. காயங்கள் கழுவிக் கட்டப்பட்டன, குண்டுகள் அகற்றப்பட்டன. சிபில் உடற்காயத்தோடு நின்றுவிடவில்லை. மறைத்து வைத்த வானொலியில் பிபிசி செய்திகளைக் கேட்டு, நம்பத்தக்கவர்களிடம் பகிர்ந்தார். வதந்தியும் அச்சமும் சூழ்ந்த காலத்தில், உண்மைச் செய்தியே மக்களின் மனத்திற்கு மருந்தாயிற்று.

1943-இல் கெம்பித்தாய் எனும் இராணுவக் காவல் படை அவரைக் கைது செய்தது. கொடுஞ்சித்திரவதைகள் தொடர்ந்தன. அவருடைய இளைய மகள், சிறுமி டானை, மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டுவதாகவும் மிரட்டினர். அப்பொழுதும் தம்மிடம் சிகிச்சை பெற்றவர்களை அவர் காட்டிக்கொடுக்கவில்லை.

1945-இல் சிறை மீண்டபோது அவரால் நடக்க இயலவில்லை. சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார்; 1947-இல் ஜார்ஜ் பதக்கம் பெற்றார். ஆனால், சித்திரவதையில் தாடையில் ஏற்பட்ட காயம் ஆறவே இல்லை. 1948 ஜூன் 12-ஆம் நாள், தம் 48-ஆம் வயதில் இயற்கை எய்தினார். ஸ்காட்லாந்தில் அடக்கம் செய்யப்பட்ட அவரது உடல், 1949-இல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டது. அவர் எழுதிய ‘நோ டிராம் ஆப் மெர்சி’ 1954-இல் நூலாயிற்று.

இவ்வரலாற்றை வீரக்கதையாக மட்டும் கூறி முடித்தல் போதாது. நலக்கல்விப் பாடத்தில் காயத்தைக் கழுவிக் கட்டும் முறையைக் கற்பிக்கிறோம். நோயுற்றவரின் செய்தியைக் காக்கும் முறையைக் கற்பிக்கிறோமா? வலிப்புக் கண்ட மாணவனும், தலையில் பேன் கண்ட மாணவியும் மறுநாளே வகுப்பின் கேலிப் பொருளாவதை நாம் காணாமலில்லை. வீட்டில் பெரியவர்கள் அடுத்தவர் நோயைக் கதையாகப் பேசினால், பிள்ளைகளும் அவ்வாறே பேசுவர்.

சிபில் உயிரைப் பணயம் வைத்துக் காத்தது நோயாளியின் நம்பிக்கையை. வகுப்பறையில் அதைக் காக்க நமக்குச் சற்று நாவடக்கம் போதும். அடுத்த தாதியர் தினத்தில், நைட்டிங்கேலின் படத்தருகே சிபிலின் படத்தையும் வையுங்கள். சிந்திப்போம், ஆசிரியர்களே.