லினக்ஸ் பிறந்த கதையும் நம் வீட்டுக் கணினியும்



சில மாதங்களுக்கு முன்பு, எங்கள் தோட்டத்துத் தந்தை ஒருவர் பழைய மேசைக் கணினி ஒன்றை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு என் வீட்டிற்கு வந்தார். பட்டணத்துக் கடையில், "இதில் புதிய விண்டோஸ் ஏறாது, வேறு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்களாம். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. அவர் என்னைக் கேட்டார்: "சார், மெஷின் நல்லாத்தானே ஓடுது? ஓடுற மெஷினை எதுக்குத் தூக்கிப் போடணும்?"

நியாயமான கேள்வி. மோட்டார் சைக்கிள் நின்றுபோனால் நாமே பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பார்க்கிறோம். யாரும் நம்மைத் தடுப்பதில்லை. கணினியில் அந்த உரிமை நமக்கு உண்டா? இக்கேள்வியிலிருந்துதான் லினக்ஸின் வரலாறு தொடங்குகிறது.

1980-ஆம் ஆண்டு வாக்கில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற இளைஞர் பணியாற்றினார். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டால், காத்திருப்போரின் திரைக்கு உடனே செய்தி போகும்படி அவர் அதன் மென்பொருளைத் திருத்தியிருந்தார். பின்னர் புதிய அச்சுப்பொறி வந்தது. அதிலும் தாள் சிக்கியது. ஆனால் திருத்த முடியவில்லை. ஏனெனில் அதன் மூல நிரல் கொடுக்கப்படவில்லை. மூல நிரல் என்பது சமையல் குறிப்பைப் போன்றது. சமைத்த குழம்பு கைக்கு வந்தது, குறிப்பு வரவில்லை. அது வைத்திருந்த ஒருவரை ஸ்டால்மன் நேரில் கேட்டபோது, எவருக்கும் தருவதில்லை என்று வாக்குக் கொடுத்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார்.

அந்த மறுப்பு ஸ்டால்மன் மனத்தில் ஆழப் பதிந்தது. 1983 செப்டம்பரில் 'குனு' என்ற திட்டத்தை அவர் அறிவித்தார். யாரும் பயன்படுத்தலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமையோடு ஒரு முழு இயங்குதளத்தை உருவாக்குவதே அதன் நோக்கம். அந்த உரிமையைப் பிறர் பறித்துவிடாதபடி, 1989-இல் பொது உரிமம் ஒன்றையும் எழுதி வெளியிட்டார். மென்பொருளைத் திருத்திப் பிறருக்குக் கொடுப்பவர், தாம் பெற்ற உரிமைகளையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது அதன் விதி.

1991-க்குள் அத்திட்டத்தில் பல கருவிகள் தயாராகிவிட்டன. ஆயினும், வன்பொருளை நேரடியாக இயக்கும் நடுப்பகுதி முடியவில்லை. அக்குறையை நிரப்பியவர் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அப்போது அவருக்கு வயது 21. தாம் வாங்கிய 386 கணினிக்காக அவர் எழுதத் தொடங்கிய நிரலைப் பற்றி 1991 ஆகஸ்ட் 25-ஆம் நாள் பிறருக்கு அறிவித்தார். அதுவே லினக்ஸ். 1992-இல் ஸ்டால்மனின் பொது உரிமத்தின் கீழ் அதனை வெளியிட்டார். பல நாட்டாரும் திருத்தங்களை அனுப்ப, 1994 மார்ச்சில் 1.0 பதிப்பு வந்தது.

இந்த நடுப்பகுதியோடு தேவையான மென்பொருள்களைச் சேர்த்துக் கட்டித் தருவதை 'வழங்கல்' என்பர். அரிசி ஒன்றுதான், சமைக்கும் வீடுகள் பல. 1993-இல் ஸ்லாக்வேரும் டெபியனும் தோன்றின. ஆனால் அன்று அவற்றைப் பயன்படுத்துவது எளிதன்று. திரையின் அளவுகளைக்கூடக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 1996-இல் தொடங்கிய கேடிஇ, 1997-இல் தொடங்கிய குனோம் ஆகிய திட்டங்கள், படங்களைச் சொடுக்கி வேலை செய்யும் மேசைத்திரையைத் தந்தன. 2000-இல் வந்த நாபிக்ஸ், கணினியில் எதையும் நிறுவாமல் குறுந்தட்டிலிருந்தே இயங்கிக் காட்டியது. 2004 அக்டோபரில் உபுண்டு வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் குறுந்தட்டுகளை 2011 வரை இலவசமாக அஞ்சலில் அனுப்பியது. 2006-இல் லினக்ஸ் மின்ட் பிறந்தது.

இனி, நம் வீட்டுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது? பாடம் எழுதவும் இணையம் பார்க்கவும் படம் காணவும் லினக்ஸ் மின்ட் பொருத்தமானது. 4 ஜிகாபைட் நினைவகமே உள்ள பழைய கணினியானால், அதன் எளிய வடிவமான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடலாம். கணினி மிகப் புதியதென்றால், புதிய லினக்ஸ் பதிப்பை விரைவாகத் தரும் ஃபெடோரா போன்றது உதவும். லிப்ரேஆபிஸ் கொண்டு கட்டுரைகளும் கணக்கு அட்டவணைகளும் தயாரிக்கலாம். தமிழ்99 விசைமுறையிலும் ஒலியியல் முறையிலும் தமிழில் தட்டச்சு செய்யலாம். விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட சில மென்பொருள்கள் இதில் ஓடமாட்டா. அதையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

பிள்ளைகள் கேட்பது விளையாட்டு. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓடவைக்கும் 'வைன்' முயற்சி 1993-இலேயே தொடங்கியது. 2013 பிப்ரவரியில் ஸ்டீம் விளையாட்டுக் கடை லினக்ஸுக்கு வந்தது. வைனை அடிப்படையாகக் கொண்ட புரோட்டானை அந்நிறுவனம் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட பிறகு, ஆயிரக்கணக்கான விண்டோஸ் விளையாட்டுகள் லினக்ஸில் ஓடலாயின. 2022-இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியே லினக்ஸில்தான் இயங்குகிறது. எனினும் ஃபோர்ட்நைட், வேலரண்ட் போன்ற இணைய விளையாட்டுகள், ஏமாற்றைத் தடுக்கும் காவல் மென்பொருள் காரணமாக இதில் ஓடுவதில்லை. ஆகவே பெற்றோர்களே, "எந்த விளையாட்டு?" என்று பிள்ளையிடம் முதலில் கேளுங்கள். அது ஓடுமா என்பதைப் புரோட்டான்டிபி என்ற இணையத்தளத்தில் பார்த்துவிடலாம்.

நிறுவுவதற்கு முன் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். இதை நான் பட்டறிந்தே சொல்கிறேன். என் சொந்தக் கணினியில் முதன்முறை நிறுவியபோது, அவசரத்தில் வட்டு முழுவதையும் அழிக்கும் விருப்பத்தைத் தேர்ந்துவிட்டேன். மூன்று ஆண்டுப் பாடக்குறிப்புகள் போயின. அடுத்து, நாபிக்ஸ் காட்டிய வழியில், விரலி எனப்படும் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். ஒலி வருகிறதா, வைஃபை கிடைக்கிறதா என்று சோதித்த பிறகே நிறுவுங்கள்.

அந்தத் தந்தையின் கணினியிலும் சோதனை வந்தது. விரலியிலிருந்து தொடங்கியதும் திரை கறுத்துப்போனது. அவர் பெருமூச்சு விட்டார். எனக்கும் கை நடுங்கியது. அதில் பழைய என்விடியா கிராபிக்ஸ் அட்டை இருந்தது. ஏஎம்டி, இன்டெல் அட்டைகளுக்கான இயக்கி பெரும்பாலும் லினக்ஸுக்குள்ளேயே அமைந்திருக்கும். என்விடியாவுக்குத் தனியே சேர்க்க நேரலாம். தொடக்கப் பட்டியலில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்ற பொருந்துமுறையைத் தேர்ந்தோம், திரை வந்தது. நிறுவி முடித்தபின் பார்த்தால் வைஃபை இல்லை. கைப்பேசியைக் கம்பியால் இணைத்து இணையம் கொடுத்தோம். பிறகு இயக்கி மேலாளரைத் திறந்து, அது பரிந்துரைத்த இயக்கிகளைப் போட்டோம். இரண்டும் சரியாயின.

இதிலிருந்து மூன்று பாடங்கள் கிடைக்கின்றன. திரையில் வரும் பிழைச் செய்தியை அப்படியே எழுதி வையுங்கள். விடை பெரும்பாலும் அதிலேயே தொடங்குகிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இல்லையேல் எது பலித்தது என்று தெரியாது. எல்லாம் நன்றாக ஓடும் நாளில் 'டைம்ஷிஃப்ட்' மூலம் நிலைப்பதிவு எடுத்து வையுங்கள். பின்னர் கெட்டால் அந்நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அது இயங்குதளத்தைத்தான் காக்கும். பிள்ளையின் கோப்புகளுக்குத் தனிப் படி வேண்டும்.

புறப்படும்போது அந்தத் தந்தை, "இதுக்கு எவ்வளவு சார் கட்டணும்?" என்று கேட்டார். "ஒரு வெள்ளியும் இல்லை" என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அச்சுப்பொறியின் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப, அடுத்த தடவை கெட்டா, எம் மகனே பார்க்கலாமா?" என்றார்.

பார்க்கலாம், நேயர்களே. திறந்து பார்க்க அவனுக்கு உரிமை இருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பலர் உழைத்தது அதற்காகத்தான்.