நோயின் பெயரும் நோயாளியின் மொழியும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் தெருவிலுள்ள மீனவத் தாய் ஒருவர் தம் மகனின் இரத்தப் பரிசோதனைத் தாளை என்னிடம் நீட்டினார். "நெகட்டிவ்னு போட்டிருக்காம் சார், பிள்ளைக்கு என்னமோ ஆயிட்டு" என்று அழுதார். நோய் இல்லை என்பதையே அச்சொல் குறிக்கிறது என்று விளக்கினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "இல்லைன்னே எழுதுனா என்ன சார்?"

அவ்வினாவுக்கு வரலாற்றில் விடை தேடலாம். முத்துக்குளிப்புக் காலங்களில் பெருந்திரளானோர் கூடிய கரையோரக் குடில்களில் காலரா பரவியதுண்டு. மக்கள் அதனை 'வாந்திபேதி' என்றனர். கண்ட அறிகுறியே பெயராயிற்று. மாலையில் பார்வை மங்குவது மாலைக்கண். உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது பக்கவாதம். நீரிழிவு என்பதிலுள்ள 'இழிவு' தாழ்வைக் குறிப்பதன்று. இழிதல், அதாவது கீழ்நோக்கி வழிதல் என்பதே பொருள். 'டயாபடீஸ்' என்னும் கிரேக்கச் சொல்லும் ஊடே கடந்து செல்லுதலையே உணர்த்தும். இரு மொழியினரும் ஒரே அறிகுறியைக் கண்டே பெயரிட்டிருக்கின்றனர்.

16ஆம் நூற்றாண்டில் இக்கரைக்கு வந்த அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலில் மருத்துவமனை ஒன்றை நிறுவினார். தமிழ் கற்று இலக்கணம் எழுதிய அவரது 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. எனினும், அது சமய நூல். ஐரோப்பிய மருத்துவம் விரிவாகத் தமிழ் நூல்களில் இடம்பெற மேலும் மூன்று நூற்றாண்டுகள் ஆயின.

அப்பணி நிகழ்ந்தது கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்து மானிப்பாயில். 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். தம் மாணவர்களின் துணையோடு 'இரண வைத்தியம்' (1867), 'மனுஷ அங்காதிபாதம்' (1872), 'கெமிஸ்தம்' (1875) முதலிய நூல்களை வெளியிட்டார். தமிழில் வழங்கும் சொல்லை முதலில் நாடினார்; கிடைக்காதபோது வடமொழியை அணுகினார்; அதுவும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இயைய வடித்தார். 'கெமிஸ்தம்' இம்மூன்றாம் வழியில் பிறந்தது.

அச்சொற்களுட் பல இன்று வழக்கில் இல்லை. அங்காதிபாதம் உடற்கூறியலாயிற்று, சுகரணம் உடலியங்கியலாயிற்று, கெமிஸ்தம் வேதியியலாயிற்று. அந்தத் தாய்க்கு அங்காதிபாதமும் 'நெகட்டிவ்' போன்றே புரிந்திராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும், தமிழருக்கு அவர்தம் மொழியிலேயே மருத்துவத்தைக் கற்பிக்க இயலும் என்பதைக் கிறீன் செய்து காட்டினார்.

நாம் பின்தங்கியிருப்பது சொல்லாக்கத்தில் அன்று. சொல்லை நோயாளியிடம் கொண்டு சேர்ப்பதில். அகராதிகள் நிறைந்திருக்கின்றன, பரிசோதனைத் தாளோ ஆங்கிலத்திலேயே வருகிறது. அதன் அடியில் "நோய்த்தொற்று இல்லை" என்று ஒரு வரி சேர்ப்பதற்குப் புதிய கலைச்சொல் எதுவும் தேவையில்லை.